கழுவினவருக்கு மூன்றாவது ஸ்லாப்

சாம்பிராணிப் புகையும் ஆசிட் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறினால் வந்த தும்மல் பாதியிலேயே நின்றுவிடும். ஆயுதபூஜைக்கு முதல் நாள் மதியம், அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைசித் தெருவில், ஏழுமலையின் பட்டறை வாசலில் நான் அந்த அவஸ்தையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் வெள்ளை பிளாஸ்டிக் கேன், கயிறு, ரப்பர் கையுறை. சாம்பிராணி பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்தது. ஆசிட் நெடி ஏழுமலையுடையது.

உள்ளே ஏழுமலையும் அவர் மனைவி கஸ்தூரியும் வேலையாட்களும் லுங்கியையும் புடவையையும் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அது போல்ட்டு நட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசும் பட்டறை. வருடம் முழுக்கத் தொட்டிகளின் அடியில் தேங்கிய சேற்றைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார் ஒருவர். மெஷின் மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை இன்னொருவர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி சோப்புத்தூளைக் கொட்டித் தரையைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தாள். எல்லாம் சேர்ந்து கருப்பாக, நுரை தள்ளிக்கொண்டு, வாசலோரத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் நான் மொண்டு எடுக்க வேண்டும்.

"இன்னா மேடம், இன்னிக்குப் போயி வந்துகீறீங்க?" என்றார் ஏழுமலை. முகத்தில் சந்தோஷம். "நாளைக்கு வந்தா பொரி கடல துன்னுட்டுப் போலாமே!"

"நாளைக்கு வரத்தான் ஆசை. சங்கத்துல இன்னிக்கு எடுக்கச் சொல்லியிருக்காங்களே" என்றேன்.

"எடுத்துக்கினு போங்க. நம்மகிட்ட இன்னா கீது ஒளிக்கிறதுக்கு?"

அந்த மனிதர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நல்ல நாள் பார்த்தது

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் எப்போதும் அலுத்துக்கொண்டே எழுதுகிறீர்களே, உங்கள் வேலையில் ஒரு நல்லது கூடவா நடக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறார். நடந்தது ஐயா. நன்றாகவே நடந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

எஸ்டேட்டில் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கம் ஒரு பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நடத்தியது. பட்டறையில் சேரும் அழுக்குத் தண்ணீரை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போய் அங்கே கொட்டும். அங்கே லேப் என் பொறுப்பு. லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சிங்க், ஒரு அடுப்பு, ஓடினால் ஓடும் ஒரு ஏசி, அப்புறம் நான்.

அதுவரை லாரி லோடுக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே கட்டணம். வெறும் கை கழுவின தண்ணீர் கொடுப்பவரும் அதே பணம், விஷம் கொடுப்பவரும் அதே பணம். இது அநியாயம் என்று நானே பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழுக்கோ அவ்வளவு கட்டணம் என்று வையுங்கள், காசு கூடப் போகிறது என்று தெரிந்தால் அவனவன் அழுக்கைக் குறைப்பான் என்றேன். நான் சொன்னது இன்றைக்கும் சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒருவழியாகச் சங்கம் ஒப்புக்கொண்டது. மூன்று ஸ்லாப். அழுக்கு குறைந்த தண்ணீருக்கு முதல் ஸ்லாப், நடுவில் இரண்டாவது, மோசமானதற்கு மூன்றாவது. மூன்றாவதில் விழுந்தால் சின்னப் பட்டறை தாங்காது. எல்லாப் பட்டறையிலும் ஒரே நாளில் தண்ணீர் எடுப்பது, அதில் வரும் நம்பரை வைத்து வருடம் முழுக்கக் கட்டணம் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரே நாளில் எடுத்தால்தானே பாரபட்சம் இருக்காது, அதனால்.

அந்த ஒரே நாள் எது என்பதில்தான் வந்தது வினை.

சங்கச் செயலாளர் ராமதுரை நல்ல மனிதர். எந்தக் காரியத்தையும் காலண்டர் பார்க்காமல் தொடங்க மாட்டார். மோட்டார் மாற்றினால்கூட ராகு காலம் கழித்துத்தான் சுவிட்சைப் போடுவார். "புதுத் திட்டம், நல்ல நாள்ல ஆரம்பிக்கணும் மேடம்" என்று ஆயுதபூஜைக்கு முதல் நாளைக் குறித்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்ததே அந்த வாட்ஸ்அப்பைப் பார்த்துத்தான்.

ஓடினேன். "சார், அன்னிக்கு எல்லாரும் பட்டறையைக் கழுவுவாங்க சார்!"

"கழுவினா நல்லதுதானே மேடம்? தண்ணி சுத்தமா இருக்குமே!"

எடுத்துச் சொன்னேன். கழுவுகிற தரை சுத்தமாகும் சார், கழுவின தண்ணீர்தான் அழுக்காகும், நாம் எடுக்கப் போவது அந்தத் தண்ணீரை என்று, எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். அவருக்குப் புரிந்தது. புரிந்தபின் தலையைச் சொறிந்தார். "மெசேஜ் போயிடுச்சே மேடம். இப்ப தேதி மாத்தினா யாருக்கோ சாதகமா மாத்திட்டாங்கன்னு கெளப்பி விடுவாங்க" என்றார். அதுவும் உண்மைதான். எங்கள் சங்கத்தில் டீ கிளாஸை இடம் மாற்றி வைத்தாலே அதற்குப் பின்னால் ஒரு கோஷ்டி இருப்பதாகப் பேசுவார்கள்.

மீன் வாங்குகிறவர்கள் கூடக் கொடுக்கட்டும்

இந்த இடத்தில் எனக்கு ஆவடி ஞாபகம் வருகிறது. வந்தால் வந்ததுதான், சொல்லாமல் விட மாட்டேன்.

அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்காரர் திருநெல்வேலி, ஒருவர் சேலம், ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டுக்கு வீடு குழம்பு வாசனை மாறும். பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திறந்த சாக்கடை. அதைச் சுத்தம் செய்யும் ஆளுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஒரு நாள் கடைசி வீட்டு மாமி கொடி பிடித்தார். நாற்றமே மீன் கழுவின தண்ணீரால்தான் வருகிறது, மீன் வாங்குகிறவர்கள் கூடக் கொடுக்கட்டும் என்றார். என் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "என் வீட்டு மீனைக் கணக்குப் பார்க்க நீ யாருடி?" என்று ஆரம்பித்து, குழாயடியே அதிர்ந்தது. கடைசியில் மாமி சொன்னதுதான் நியாயம் என்று ஆண்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் சட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு பக்கத்து வரிசைக் குழாய்க்குப் போனாள். சேலத்து அக்காவும் போனார். எங்கள் சாக்கடை கமகமக்கவில்லை என்றாலும் நாற்றம் குறைந்தது. பக்கத்து வரிசையில் பூனைகள் பெருகின. மாமிக்கு வெற்றி. இதை நான் பிற்பாடு சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

லோகுவின் தொட்டி

சரி, எஸ்டேட்டுக்கு வருகிறேன். ஏழுமலையின் பக்கத்துப் பட்டறை லோகநாதனுடையது. எல்லோருக்கும் லோகு. அவரும் முலாம் பூசுகிறவர்தான், ஏழுமலையைவிடப் பெரிய இடம். லோகு ஆயுதபூஜைக்குக் கழுவுகிற ஜாதி இல்லை. மெஷினில் ஒரு விரல் தடிமனுக்கு கிரீஸ் இருக்கும், அதன் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மாலையைப் போட்டுவிடுவார். பூஜைக்கு முதல் நாள் காலையிலேயே வேலையை நிறுத்திவிட்டு, சவுண்டு பாக்ஸ் கட்டி, சாம்பிராணி போட்டு, வேலையாட்களுக்கு பிரியாணி. கெட்டவர் என்று சொல்ல வாய் வரவில்லை. மழைக்கால வெள்ளத்தில் என்னைத் தன் வண்டியில் ஏற்றி மேனாம்பேட்டில் வீட்டு வாசல் வரை விட்டவர்.

அன்று லோகுவின் தொட்டியில் என்ன இருந்தது என்கிறீர்கள்? அதற்கு முந்தின நாளே லாரி வந்து காலி செய்துவிட்டது. பிரியாணிக்குக் கை கழுவின தண்ணீர் மட்டும் கொஞ்சம் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

நம்பர்கள் வந்தன. லோகுவுக்கு முதல் ஸ்லாப். ஏழுமலைக்கு மூன்றாவது.

அந்தத் தெருவிலேயே தண்ணீரை வீணாக்காமல் அலசுகிறவர் ஏழுமலை. ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குச் சாமானை மாற்றும்போது சொட்டு நிற்கும்வரை தூக்கிப் பிடித்திருப்பார். மற்ற நாளில் எடுத்திருந்தால் முதல் ஸ்லாப், மிஞ்சிப் போனால் இரண்டாவது. இது எனக்குத் தெரியும், லோகுவுக்குத் தெரியும், ராமதுரைக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் அவர்தான் தெருவிலேயே பெரிய அழுக்கு.

கஸ்தூரி லேபுக்கே வந்துவிட்டாள். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். லேபில் செருப்பைக் கழற்றக் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"யக்கா, மூணாவதுன்னா எங்களால கட்ட முடியாதுக்கா. கிலோவுக்குக் கூலி ஏத்துனா வேலை குடுக்குற பார்ட்டிங்க லோகு அண்ணன்கிட்ட பூடுவாங்க. பட்டறைய மூட வேண்டியதுதான்."

"கூட்டத்துல பேசறேன் கஸ்தூரி."

"நாங்க கய்வாம உட்டுருந்தா ஒண்ணியும் ஆயிருக்காது, இல்லக்கா?"

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லி அவளைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

கையைத் தூக்குங்கள்

பொதுக்குழு சங்கக் கட்டடத்தின் மாடியில் கூடியது. மசால் வடை, டீ. ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. நான் எழுந்து நின்று பேசினேன். மைக் வேண்டாம் என்றேன், என் தொண்டைக்கு மைக் எதற்கு?

அன்று எடுத்த தண்ணீர் ஒரு நாள் கூத்து, வருடத்தில் மற்ற நாட்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். ராமதுரை ஆதரித்தார். ஆனால் சட்ட திட்டத்தையும் நினைவுபடுத்தினார். ஒருவருக்கு மட்டும் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தால் எல்லோருக்கும் எடுக்க வேண்டும்.

அவ்வளவுதான். கூடம் கப்சிப் ஆகிவிட்டது. ஏனென்றால் லோகு மாதிரி, அந்த நாளில் வேலையை நிறுத்திவிட்டு முதல் ஸ்லாப்பில் உட்கார்ந்தவர்கள்தான் கூட்டத்தில் பாதிக்கு மேல். கழுவினவர்கள் சிலரும் நான் தண்ணீர் எடுத்துப் போனபின் கழுவி இரண்டாவதில் தப்பித்திருந்தார்கள்.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் ராமதுரை.

ஏழுமலை கையைத் தூக்கினார். ஆசிட் பட்டு நகம் மஞ்சளாகிப் போன கை. இன்னும் இரண்டொருவர் தயங்கித் தயங்கித் தூக்கினார்கள். ஏழுமலை திரும்பி, பின்வரிசையைப் பார்த்தார். இருபது வருடமாகக் கல்யாணம், கருமாதி என்று பழகியவர்கள். ஒருவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஒருவர் ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

லோகு மட்டும் நேராகப் பார்த்துச் சொன்னார். "மாமே, உனக்கு மட்டும்னா ரெண்டு கையும் தூக்குவேன். எல்லாருக்கும்னா எப்டி மாமே? எனக்கும் புள்ள குட்டி கீதுல்ல?"

"கரெக்டு மச்சான்" என்றார் ஏழுமலை. கையைக் கீழே இறக்கிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பாவி மனிதர், கரெக்டு என்கிறார்.

படியிறங்கும்போது ராமதுரையிடம் சண்டை போட்டேன். இனிமேல் தேதி சொல்லாமல், எந்தப் பட்டறைக்கு எப்போது வேண்டுமானாலும் போய்த் தண்ணீர் எடுப்பேன், இல்லையென்றால் வேலையை விடுகிறேன் என்றேன். அதற்கு மட்டும் தலையாட்டினார். அடுத்த வருடத்திலிருந்து அப்படியே ஆயிற்று. வாசகர் கேட்ட நல்லது அதுதான்.

போர்டு இறங்கியது

ஏழுமலை சில மாதம் சமாளித்துப் பார்த்தார். கஸ்தூரியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பழைய இரும்புக்காரர் வந்து தொட்டிகளை எடைக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஏழுமலையின் அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலம்தான் எஸ்டேட்டாக ஆனது. அதில் முதலாளி என்று சொல்லிக்கொள்ள அந்தக் குடும்பத்துக்கு ஒரு தகரக் கூரை கிடைத்திருந்தது. பட்டறையின் பெயர்ப் போர்டை இறக்கும்போது நான் போகவில்லை. போய் என்ன செய்ய? கூட நின்று பார்க்க என்னால் ஆகாது.

அவருடைய பார்ட்டிகள் லோகுவிடம் போனார்கள். ஏழுமலையும் லோகுவிடமே போனார், சூப்பர்வைசராக. லோகு கூப்பிட்டுத்தான் வேலை கொடுத்தார், சம்பளத்தில் குறை வைக்கவில்லை. அதே போல்ட்டு, அதே நட்டு. ஏழுமலையின் பட்டறையில் கொஞ்சமாக அழுக்கான தண்ணீர் லோகுவின் தொட்டியில் நிறைய அழுக்காயிற்று. கட்டணமோ குறைந்த கட்டணம். எல்லாம் விதிப்படி.

கயிற்றின் மறுமுனை

அடுத்த வருடம் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வாக்கில், யாரிடமும் சொல்லாமல் லோகுவின் பட்டறைக்குப் போனேன். வேலை மும்முரமாக நடந்தது. தொட்டியில் தண்ணீர் மஞ்சள் தட்டிப் போய் மூக்கைத் துளைத்தது. லோகு இல்லை. ஏழுமலை ஓடி வந்தார்.

"வாங்க மேடம். டீ சொல்லவா?"

"வேண்டாம் ஏழுமலை. தண்ணி எடுக்கணும்."

அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஒரு மணி நேரம் கய்ச்சி வர்றீங்களா மேடம்? டேங்கர் தண்ணி வந்துகினு கீது. கொஞ்சம் கலந்து உட்டுர்றோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா சொல்றீங்க இதை?"

"நான் சொல்லல மேடம். சம்பளம் சொல்து."

குரலில் கிண்டல் இல்லை, வருத்தமும் இல்லை. களைப்புதான் இருந்தது. அந்தக் களைப்பு எனக்கும் இருந்தது. முழங்கால் வலி, வெயில், காலையில் தின்ற இட்லி நெஞ்சிலேயே நின்றது. திரும்பிப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் உலகம் ஒன்றும் முழுகியிருக்காது. அதே சமயம், இதே தொட்டி அன்று சுத்தமாகக் கிடந்ததால் அல்லவா இந்த மனிதர் நடுத்தெருவுக்கு வந்தார் என்று எனக்கு ஆத்திரமும் பொங்கியது.

கேனில் கயிற்றைக் கட்டினேன். தொட்டி விளிம்பில் குனிந்தேன். ஏழுமலை பக்கத்தில் வந்தார். "உடுங்க மேடம், வழுக்கி உள்ள உயுந்துடப் போறீங்க" என்று கயிற்றின் மறுமுனையை வாங்கிக்கொண்டார். அவரே கேனை இறக்கினார். மேலாக மொள்ளவில்லை. முறைப்படி நடு ஆழத்துக்கு விட்டு, நிரம்பவிட்டு, தூக்கினார். மூடியைத் திருகினார். பட்டறை சார்பில் ஒருவர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் போட்டார்.

"லோகு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன்.

"மேடம் வந்தாங்க, எடுத்தாங்கன்னு சொல்வேன்."

நம்பர் வந்தது. லோகுவுக்கு மூன்றாவது ஸ்லாப். அவர் பட்டறை பெரியது, தாங்கிக்கொண்டது. செலவைக் குறைக்க வேண்டும் என்று ஆட்களை மட்டும் குறைத்தார்.

கஸ்தூரி ஃபோன் செய்தாள். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்று சொன்னாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"யக்கா, இந்தத் தபா நம்பரு கரெக்டாதானே வந்துது?"

"கரெக்ட்தான் கஸ்தூரி."

"அப்போ செரிக்கா" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.